ஏற்றுமதி ஒரு பட்டப்படிப்பான கதை

ராஜபாளையத்துக்குக் கிழக்கே சத்திரப்பட்டி, சமுசிகாபுரம், அய்யனாபுரம் பக்கம் போனால் தெருவுக்குத் தெரு விசைத்தறிச் சத்தம் கேட்கும். அங்கே ஓடுவது சேலையோ வேட்டியோ இல்லை. காயத்துக்குச் சுற்றும் பேண்டேஜ் துணி, ஆபரேஷனுக்கு வேண்டிய காஸ் துணி. கையில் பிடித்தால் மறுபக்கம் தெரியும்படி இழை விட்டு நெய்த பருத்தித் துணி. நம் ஆஸ்பத்திரிகளுக்கும் போகிறது, கடல் கடந்தும் போகிறது.

அந்தத் துணி ரோலாக ஐரோப்பாவுக்குப் போனால் சுங்கக் காகிதத்தில் 5208 என்ற தலைப்பின் கீழ் வரும். ஐரோப்பிய ஒன்றியத்தின் சுங்கப் பட்டியலில் பேண்டேஜும் மருத்துவ காஸும் செய்வதற்கான துணிக்கென்றே தனி எண்கள் உண்டு. வெளுக்காத துணி என்றால் 5208 11 10, வெளுத்தது என்றால் 5208 21 10. அதே துணியை இங்கேயே வெளுத்து, வெட்டி, மடித்து, சில்லறை விற்பனைக்கான உறையில் போட்டு அனுப்பினால் அது 3005க்குப் போய்விடும். முதலாவது பருத்தி அத்தியாயம், இரண்டாவது மருந்து அத்தியாயம். தறியும் நூலும் ஒன்றுதான். ஆனால் வரி வேறு, கேட்கும் சான்றிதழ் வேறு, வாங்குபவர் வேறு, கிடைக்கும் விலையும் வேறு.

இந்த வேறுபாட்டைத் தெரிந்து, சரக்கு கிளம்பும் முன்பே சரியான காகிதத்தைத் தயார் செய்பவருக்கென்று ஒரு படிப்பு இருக்கிறது. பி.காம். (இன்டர்நேஷனல் பிசினஸ்) என்றும் பி.பி.ஏ. (இன்டர்நேஷனல் பிசினஸ்) என்றும் கல்லூரி விண்ணப்பங்களில் அச்சாகிறது. மாணவர்கள் சுருக்கமாக ஐ.பி. என்கிறார்கள்.

பிளஸ் டூ முடிவு வந்த வாரங்களில் கான்சாபுரம், கூமாபட்டி, வத்திராயிருப்புப் பக்கத்துப் பெற்றோரிடம் இந்தப் பெயரைச் சொன்னால் ஒரே கேள்விதான் வரும்: “பி.காம். தெரியும் சார். அதென்ன ஐ.பி.? படிச்சா ஃபாரின்ல வேலை கிடைக்குமா?” தென்னையும் நெல்லும் பார்த்துப் பிள்ளையைப் படிக்க வைப்பவர்களின் கேள்வி அது. மூன்று வருஷக் கட்டணமும் தினசரி பஸ் செலவும் அவர்களுக்குச் சின்னத் தொகை இல்லை. கிடைக்கும், கிடைக்காது என்று ஒரு வார்த்தையில் முடிக்க எனக்கு மனம் வரவில்லை. அந்தப் படிப்பு எங்கே, யாருடைய தேவைக்காகப் பிறந்தது என்று தெரிந்துகொண்டால், அது எந்த வேலைக்குக் கூட்டிப்போகும் என்பதும் தெரிந்துவிடும்.

படிப்புக்கு வெகு காலம் முன்பே அதன் காகிதம் பிறந்துவிட்டது. வியன்னாவில் உள்ள ஆஸ்திரியத் தேசிய நூலகத்தில் கி.பி. இரண்டாம் நூற்றாண்டுப் பாப்பிரஸ் துண்டு ஒன்று இருக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலைக்கு அந்தப் பக்கம், சேர நாட்டு முசிறியோடு நடந்த வணிகத்தைப் பற்றிய கிரேக்க ஆவணம் அது. 1985இல் அறிஞர்கள் பதிப்பித்தார்கள். ஒரு பக்கத்தில் கடன் ஒப்பந்தம்: சரக்கைச் செங்கடல் கரையிலிருந்து பாலைவனம் கடத்தி, ஆற்று வழியாக அலெக்சாந்திரியாவுக்குக் கொண்டுபோய், முத்திரையிட்டு வைக்க வேண்டும், கடனைத் தவறினால் சரக்கின் மேல் யாருக்கு என்ன உரிமை என்றும் எழுதியிருக்கிறது. மறு பக்கத்தில் ஹெர்மப்பொல்லோன் என்ற கப்பலில் வந்த சரக்கின் மதிப்பீடு, யானைத் தந்தமும் கங்கைப் பக்கத்து நறுமணத் தைலப்பொருளும் உட்பட. ரோமப் பேரரசு அந்தச் சரக்குக்குக் கால் பங்கு வரி வாங்கியது. கடன், போக்குவரத்து, மதிப்பீடு, சுங்கம் என்று இன்றைய ஐ.பி. மாணவர் ஆறு பருவங்களில் படிப்பதில் பெரும்பகுதி அந்த ஒரு துண்டில் இருக்கிறது. அதை எழுதியவர்கள் எந்தக் கல்லூரியிலும் இதைப் படிக்கவில்லை. தொழிலில் கிடந்தே கற்றார்கள்.

கான்சாபுரத்துக்கும் இந்தக் கதையில் ஓர் இடம் உண்டு. ஊர்ப் பெயருக்குக் காரணமாக இந்தப் பக்கம் சொல்லும் கான்சாகிபு, அதாவது மருதநாயகம் என்று அறியப்படும் யூசுப் கான், ஒரு வணிகக் கம்பெனியின் தளபதி. கிழக்கிந்தியக் கம்பெனிக்காகப் படை நடத்தினார். மதுரை, திருநெல்வேலிச் சீமைகளை ஆண்டுக்கு ஐந்து லட்சம் ரூபாய்க்குக் குத்தகை எடுத்து நிர்வகித்தார். கம்பெனியோடும் ஆற்காட்டு நவாபோடும் பகை முற்றி, 1764 அக்டோபர் 15 அன்று மதுரையில் தூக்கிலிடப்பட்டார். லண்டனில் பங்கு போட்டுத் தொடங்கிய கம்பெனியின் வரவு செலவு நம் கண்மாய்க்கரை வரைக்கும் வந்து ஆளையும் நிலத்தையும் தீர்மானித்திருக்கிறது. சர்வதேச வணிகம் நமக்குப் புதிதாக வந்ததில்லை. கணக்கேடு எழுதும் கை மட்டும் நம்முடையதாக இல்லை.

அந்தக் கையைப் பழக்குவதில் கம்பெனி அக்கறையாக இருந்தது. இந்தியாவுக்கு அனுப்பும் இளைஞர்களுக்காக 1806இல் இங்கிலாந்தில் ஒரு கல்லூரியே தொடங்கியது. பின்னர் ஹெய்லிபரியில் நிலைகொண்ட அந்தக் கல்லூரியில் மக்கள்தொகைக் கோட்பாட்டால் பெயர்பெற்ற மால்தஸ் பொருளாதாரம் கற்பித்தார். கீழ்த்திசை மொழிகளும் அங்கே பாடம்.

நம் பக்கம் அப்படிக் கட்டடம் எதுவும் எழவில்லை. ஆனால் பயிற்சி இருந்தது. நகரத்தார் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் இலங்கைக்கும் போய்க் கடை வைத்த காலத்தில், சிறுவயதிலேயே ஒருவன் பெட்டியடிப் பையனாகச் சேர்வான். கணக்கு எழுதவும் வட்டி போடவும் ஆளை எடை போடவும் கற்று அடுத்தாள் ஆவான். தேறினால் கடைப் பொறுப்பை ஏற்கும் மேலாள் ஆவான். மூன்று வருஷக் கணக்கு முடித்து ஊர் திரும்புவார்கள். பாடத்திட்டம், பயிற்சி, பதவி உயர்வு எல்லாமே அதில் இருந்தன. சிவகாசிக்காரர்களும் இதையேதான் செய்தார்கள். அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922இல் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்தது எந்தச் சான்றிதழுக்காகவும் இல்லை. இந்த முறையில் ஒரு குறை இருந்தது. குடும்பமும் சாதியும் கதவைத் திறந்தால்தான் உள்ளே போக முடியும். கான்சாபுரத்து விவசாயியின் மகளுக்கு அந்தக் கதவு திறக்க வழியே இல்லை. எனக்கு இந்தப் பட்டப்படிப்பின் மேல் மதிப்பு வருவது இந்த இடத்தில்தான்.

வீட்டுத் தொழில் ரகசியத்தை வகுப்பறைக்குக் கொண்டுவந்ததில் வியன்னா முக்கியமான ஊர். 1873இல் அங்கே உலகக் கண்காட்சி நடந்தது. அதன் தொடர்ச்சியாகக் கீழ்த்திசை அருங்காட்சியகம் ஒன்று உருவாகி, பிறகு வணிக அருங்காட்சியகமாக மாறியது. அதிலிருந்து 1898இல் ‘எக்ஸ்போர்ட் அகாதெமி’ பிறந்தது. ஏற்றுமதியைப் பெயரிலேயே வைத்த கல்விக்கூடம். வணிகப் பாடத்தோடு அந்நிய மொழிகளும் சரக்கியலும் கற்பித்தார்கள். சரக்கியல் என்றால், பருத்தி எப்படி இருக்கும், எதில் கலப்படம் செய்வார்கள், எப்படிச் சோதிப்பது என்று பொருளைத் தொட்டுப் பார்த்துப் படிப்பது. 1919இல் அது உலக வணிக உயர்கல்வி நிலையமானது. இன்று வியன்னாப் பொருளாதார, வணிகப் பல்கலைக்கழகமாக இருக்கிறது.

அடுத்த பிறப்பு ஒரு விமானப் பயிற்சித் தளத்தில். இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் அமெரிக்க விமானப்படைப் பயிற்சிப் பிரிவுக்குத் தலைமை வகித்த பார்ட்டன் கைல் யவுண்ட், அரிசோனா மாநிலத்தின் தண்டர்பேர்ட் தளத்தில் 1946இல் அயல்நாட்டு வணிகத்துக்கான கல்வி நிலையத்தைத் தொடங்கினார். விமானம் ஓட்டப் பழகிய இடத்தில் போர் முடித்துத் திரும்பியவர்கள் வணிகம் படித்தார்கள். பாடம் மூன்று பங்கு: மொழி ஒன்று, போகப்போகும் நாட்டின் வரலாறும் வாழ்க்கையும் ஒன்று, வணிகம் ஒன்று. அயல்நாட்டு வணிக இளநிலைப் பட்டம் என்ற பெயரிலேயே பட்டம் கொடுத்தார்கள். இன்று நம் பிள்ளைகள் சேரும் படிப்புக்கு நேரான மூத்தோர் அவர்கள்தான்.

இந்தியாவில் இது நெருக்கடியின் குழந்தை. சுதந்திரத்துக்குப் பின் இறக்குமதிக்கும் ஏற்றுமதிக்கும் 1947ஆம் ஆண்டுச் சட்டத்தின் கட்டுப்பாடு இருந்தது. ஐம்பதுகளின் பிற்பகுதியில் அந்நியச் செலாவணி கரைந்தது. வெளிநாட்டு வாடிக்கையாளர் பணம் தராமல் போகும் ஆபத்துக்குக் காப்பீடு கொடுக்க 1957இல் ஒரு நிறுவனம் அமைத்தார்கள், இன்றைய ஈ.சி.ஜி.சி. அதுதான். 1962இல் ஏ. ராமசாமி முதலியார் தலைமையிலான குழு ஏற்றுமதி, இறக்குமதிக் கொள்கையை ஆராய்ந்தது. 1963இல் தில்லியில் இந்திய அயல்நாட்டு வணிகக் கழகம், ஐ.ஐ.எஃப்.டி., தொடங்கியது. ஏற்றுமதித் தரச் சோதனைக்கான சட்டம் வந்ததும் அதே ஆண்டில்தான். ஆனால் லைசென்ஸ் காலம் நீடித்த வரை இந்த அறிவு தில்லியைச் சுற்றியும் பெரிய நிறுவனங்களிலும்தான் இருந்தது. கிராமத்துக் கல்லூரிக்கு அது தேவைப்படவில்லை.

1991 ஜூலையில் நிலைமை மாறியது. முதல் மூன்று நாட்களுக்குள் ரூபாயின் மதிப்பு இருமுறை குறைக்கப்பட்டது. நான்காம் தேதி புதிய வணிகக் கொள்கையை அறிவித்த வணிக அமைச்சர் நம் சிவகங்கைச் சீமைக்காரர், ப. சிதம்பரம். பல லைசென்ஸ்கள் விலகின. 1992இல் புதிய அயல்நாட்டு வணிகச் சட்டம், 1995இல் உலக வணிக அமைப்பு. 2005 ஜனவரி 1 அன்று துணிக்கும் ஆடைக்கும் நாடுவாரியாக இருந்த கோட்டா ஒழிந்தது. திருப்பூரில் ஆர்டர் பெருகப் பெருக, இன்வாய்ஸ் போடவும் எல்.சி. (வாங்குபவர் சார்பில் அவருடைய வங்கி தரும் பண உறுதிக் கடிதம்) படிக்கவும் ஆள் தேவைப்பட்டது. பாரதியார் பல்கலைக்கழகத்தோடு இணைந்த கோவைக் கல்லூரிகளில் பி.காம். ஐ.பி. பரவியதற்குப் பக்கத்து ஊரின் அந்தத் தேவையே போதுமான காரணம். அழகப்பா பல்கலைக்கழகத்தில் சர்வதேச வணிகத்துக்குத் தனித் துறை இருக்கிறது. பெட்டியடிப் பையன்களை அனுப்பிய செட்டிநாட்டின் நடுவில், காரைக்குடியில் அது அமைந்தது பொருத்தம்.

இனி வேலைக்கு வருகிறேன். நம் பக்கத்துக் காஸ் துணி ஒரு கொள்கலன் நிறைய தூத்துக்குடி வழியாக ஐரோப்பாவுக்குப் போவதாக வைத்துக்கொள்வோம். அதன் கூடவே நடந்தால் இந்தப் படிப்பின் வேலைகள் வரிசையாக எதிர்ப்படும்.

முதலில் வாங்குபவரோடு பேசுபவர். மெர்ச்சண்டைசர் என்றோ எக்ஸ்போர்ட் மார்க்கெட்டிங் என்றோ பதவிக்குப் பெயர் இருக்கும். ஒரு சதுர சென்டிமீட்டரில் எத்தனை இழை, தண்ணீரில் போட்டால் பத்து விநாடிக்குள் மூழ்குகிறதா என்று கேட்பார்கள். பஞ்சின் மெழுகு சரியாகப் போகாவிட்டால் துணி மிதக்கும், இரத்தத்தை உறிஞ்சாது. துணியைத் தெரியாதவர் இந்தப் பேச்சில் நிற்க முடியாது. பிறகு விலை சொல்வது. ராஜபாளையம் மில் தொடங்கிய அதே 1936இல்தான் பாரிஸிலுள்ள சர்வதேச வணிக மன்றம், செலவும் ஆபத்தும் யாருடையது என்று சொல்லும் ‘இன்கோடெர்ம்ஸ்’ விதிகளை முதன்முதலில் வெளியிட்டது. எஃப்.ஓ.பி. தூத்துக்குடி என்று விலை சொன்னால், சரக்கு கப்பலில் ஏறியதும் ஆபத்து வாங்குபவருக்கு மாறுகிறது. சி.ஐ.எஃப். என்றால் கப்பல் வாடகையும் காப்பீடும் நம் செலவு, ஆனாலும் ஆபத்து மாறுவது தூத்துக்குடியிலேயே. டி.டி.பி. என்று ஒப்புக்கொண்டால் அந்த நாட்டு இறக்குமதி வரியும் நம் தலையில். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியச் சரக்குகள் பலவற்றுக்கு வரியை 50 விழுக்காடாக உயர்த்தியபோது, இந்த மூன்றெழுத்துச் சுருக்கங்களில் எதை எழுதியிருந்தோம் என்பதைப் பொறுத்தே யார் தலையில் சுமை விழும் என்பது முடிவானது.

அடுத்து வங்கி. எல்.சி.யில் பணம் வருகிறது என்றால் வங்கி துணியைப் பார்ப்பதில்லை, காகிதத்தை மட்டும் பார்க்கும். யு.சி.பி. 600 என்ற விதித்தொகுப்பின்படி ஆவணம் கைக்கு வந்தபின் ஐந்து வங்கி நாட்களுக்குள் சரிபார்க்க வேண்டும். பொதுவாகச் சரக்கு ஏற்றி 21 நாட்களுக்குள் ஆவணத்தைச் சமர்ப்பிக்க வேண்டும். கடைசித் தேதிக்கு மறுநாள் கப்பலேறியதாக, கப்பல் நிறுவனம் தரும் சரக்கு ரசீதான பில் ஆஃப் லேடிங் சொன்னால், துணி எவ்வளவு நன்றாக இருந்தாலும் வங்கி பணத்தை நிறுத்தலாம். டிரேட் ஃபைனான்ஸ் என்ற வேலை இதுதான். ஈ.சி.ஜி.சி.யின் அதிகாரித் தேர்வைப் பட்டதாரிகள் எழுதலாம், ஐ.பி. படித்தவருக்கு அந்த நிறுவனம் என்ன செய்கிறது என்பது முதல் நாளே புரியும்.

உறையில் போட்ட மருத்துவக் காஸ் என்றால் ஒழுங்குமுறை வேலை கூடுகிறது. ஐரோப்பாவின் புதிய மருத்துவக் கருவி விதிகள் 2021 மே 26 முதல் நடைமுறையில் உள்ளன. அங்கே விற்கத் தேவையான சி.இ. குறிக்கான தொழில்நுட்பக் கோப்பைப் பராமரிக்க, தணிக்கைக்குப் பதில் சொல்ல ஆள் வேண்டும். வேதியியல் படித்தவரும் ஐ.பி. படித்தவரும் சேர்ந்து செய்யும் வேலை இது. நம் வட்டாரத்தில் இதற்கு ஆள் தேவை இருக்கும் என்று உறுதியாக நம்புகிறேன்.

துறைமுகத்தில், சரக்குப் போக்குவரத்தை ஏற்பாடு செய்யும் ஃபார்வர்டரும் சுங்க முகவரும். சுங்க முகவரைப் பழக்கத்தில் இன்னும் சி.எச்.ஏ. என்கிறார்கள். 2018ஆம் ஆண்டு விதிகளின்படி சுங்கத்துறைத் தேர்வில் தேறியவருக்கு ஜி கார்டு கிடைக்கும். அனுபவம் சேர்ந்தபின் லைசென்ஸ் தேர்வு எழுதிச் சொந்தமாக அலுவலகம் வைக்கலாம். 1974 முதல் பெரிய துறைமுகமாக இருக்கும் தூத்துக்குடி நமக்குச் சில மணி நேரப் பயணத்தில் இருக்கிறது. விருதுநகர் மாவட்டப் பிள்ளைக்கு இதைவிட வசதியான பயிற்சிக்கூடம் கிடைக்காது. சென்னையில் பன்னாட்டு நிறுவனங்களின் பின்னலுவலகங்களிலும் இதே ஆவண வேலை நடக்கிறது. அங்கே பெண்கள் நிறையப் பேர் இந்தத் துறையில் மேலே வந்திருக்கிறார்கள்.

ஆகவே ஃபாரின் வேலை என்ற கேள்விக்கு என் பதில் இது: முதல் நாற்காலி பெரும்பாலும் தூத்துக்குடியிலோ திருப்பூரிலோ சென்னையிலோ இருக்கும். காலையில் சுங்கத்துக்குத் தரும் ஷிப்பிங் பில்லும் மாலையில் வெளிநாட்டு மின்னஞ்சலுமாகச் சில வருஷம் போகும். துபாய்க்கோ சிங்கப்பூருக்கோ போகும் வாய்ப்பு அந்த அனுபவத்துக்குத்தான் வருகிறது, பட்டத்துக்கு வருவதில்லை. ஐ.பி. கிடைக்காமல் சாதாரண பி.காம். சேர்ந்தாலும் கவலை வேண்டாம். ஏற்றுமதி ஆவணப் பயிற்சி ஒன்றும் நல்ல இன்டர்ன்ஷிப் ஒன்றும் சேர்ந்தால் அதே நாற்காலிக்குப் போட்டியிடலாம்.

வேலைக்குப் போகாமல் தொழிலுக்கு வருபவர்களும் வேண்டும். இன்று ஏற்றுமதி, இறக்குமதிக் குறியீடு பான் எண்ணையே அடிப்படையாகக் கொண்டது; விண்ணப்பக் கட்டணம் 500 ரூபாய். கதவு அவ்வளவு திறந்திருக்கிறது. ஆனால் எந்தப் பொருளோடு உள்ளே போவது என்பதில் கவனம் தேவை. ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பெட்டியில் வைத்து உறவினருக்குக் கொண்டுபோவது வேறு, கொள்கலனில் அனுப்புவது வேறு. பால் பொருளுக்குக் கால்நடை நலச் சான்று, குளிர்வசதி, கெடாமல் இருக்கும் நாட்கள் என்று அடுக்கடுக்காகக் கேட்பார்கள். கான்சாபுரத்துத் தென்னந்தோப்புக்கு வேறு பாதை. நார்க்கழிவைக் கட்டியாக்கி மண்ணில்லா விவசாயத்துக்கு அனுப்பும் தொழிலைப் பொள்ளாச்சி ஏற்கெனவே காட்டியிருக்கிறது. அதற்கு உப்புத்தன்மையைக் கழுவிக் குறைக்கத் தெரிய வேண்டும், தாவர நலச் சான்றிதழ் வாங்கத் தெரிய வேண்டும். 2022 மே 1 முதல் ஐக்கிய அரபு அமீரகத்தோடு நமக்கு ஒப்பந்தம் இருப்பதால், பிறப்பிடச் சான்றிதழ் சரியாக இருந்தால் அங்கே வரிச் சலுகை பெறும் பொருட்கள் பல. பட்டியலை எடுத்து நம் பொருள் அதில் இருக்கிறதா என்று பார்க்க ஒரு ஐ.பி. மாணவருக்கு ஒரு பிற்பகல் போதும்.

வியன்னாவும் தண்டர்பேர்டும் வைத்திருந்த இரண்டு பாடங்கள் நம் பாடத்திட்டங்கள் பலவற்றில் மெலிந்து கிடப்பது எனக்கு வருத்தம். ஒன்று மொழி. ஆங்கிலத்தோடு ஜெர்மனோ அரபோ ஸ்பானிஷோ பேசத் தெரிந்தவரின் மின்னஞ்சலுக்குப் பதில் சீக்கிரம் வரும். மற்றொன்று சரக்கைத் தொட்டுப் படிப்பது. புத்தகத்தில் பில் ஆஃப் லேடிங்கின் வகைகளை மனப்பாடம் செய்து தேர்வு எழுதிய பிள்ளை, உண்மையான ஒன்றைக் கையில் வாங்கிப் பார்க்காமலே பட்டம் வாங்கிவிட முடிகிறது.

பெற்றோர் இதைச் சரிசெய்ய முடியும். சேர்க்கைக்குப் போகும் நாளில் கட்டணம் கேட்கும்போதே, சுங்கப் பாடத்தை நடத்துபவர் எப்போதாவது சரக்கு அனுப்பியிருக்கிறாரா, இரண்டாம் வருஷத்தில் பிள்ளைகளை எந்தத் துறைமுகத்துக்கு எத்தனை நாள் அனுப்புகிறீர்கள், மூன்றாம் மொழி எது என்று கேளுங்கள். பதில் திருப்தியாக இல்லையென்றால் பணத்தைக் கட்டாமல் அடுத்த கல்லூரிக்கு நடங்கள்.